பத்திரங்களில் சிக்கிய ஸ்பைடர்மேன்

2002 மே 3 அன்று அமெரிக்காவில் ‘ஸ்பைடர்மேன்’ வெளியானது. முதல் மூன்றே நாளில் 11 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல் வசூல். ஒரு வார இறுதிக்குள் பத்துக் கோடி டாலரைத் தாண்டிய முதல் படம் அதுதான். நம் ஊரில் தமிழ் பேசியபடி வந்து, ஆங்கிலப் படம் பார்க்கும் பழக்கமே இல்லாத குடும்பங்களையும் தியேட்டருக்கு இழுத்தது.

படப்பிடிப்புக்கு ஆனது சுமார் ஆறு மாதம். இயக்குநர் சாம் ரைமி ஒப்பந்தமான 2000 ஜனவரியிலிருந்து கணக்குப் போட்டாலும், இரண்டரை ஆண்டுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆனால் ஸ்பைடர்மேனைப் படமாக எடுக்கப்போகிறோம் என்று ஒரு கம்பெனி பணம் கொடுத்து உரிமை வாங்கியது 1985-இல். நடுவில் கழிந்த காலத்தில் கதை எழுதினார்கள், இயக்குநர்களை மாற்றினார்கள், செட்கூடப் போட்டார்கள். படம் மட்டும் வரவில்லை.

சூப்பர் ஹீரோ படம் தாமதமாகிறது என்றால், கிராஃபிக்ஸுக்கு நேரமாகிறது என்றுதான் பெரும்பாலும் நினைக்கிறோம். ஸ்பைடர்மேன் விஷயத்தில் நேரத்தைத் தின்றது ஒப்பந்தக் காகிதம். இந்தப் பாத்திரத்தைப் படமாக்க யாருக்கு உரிமை என்ற ஒரே கேள்விக்கு விடை தெரிவதற்குள் மூன்று கம்பெனிகள் திவாலாகிவிட்டன. அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால், இன்றைக்கு சூப்பர் ஹீரோ படங்கள் ஏன் இப்படி அடுக்கடுக்காக வருகின்றன, ஒரே நாயகன் ஏன் அடிக்கடி ஆள் மாறி வருகிறான் என்பதும் விளங்கும்.

முதலில் அடிப்படை. 1962 ஆகஸ்ட் தேதியிட்ட ‘அமேசிங் ஃபேன்டசி’ 15-ஆம் இதழில் ஸ்பைடர்மேன் பிறந்தான். எழுதியவர் ஸ்டான் லீ, வரைந்தவர் ஸ்டீவ் டிட்கோ. முகத்தை முழுசாக மூடும் முகமூடி, உடையெங்கும் ஓடும் வலைக்கோடுகள், மணிக்கட்டில் வலை பீய்ச்சும் கருவி என்று நாம் பார்த்ததும் அடையாளம் காணும் அந்த உருவம் டிட்கோவின் கையிலிருந்து வந்தது. ஆனால் பாத்திரம் இருவரில் யாருக்கும் சொந்தமில்லை. அன்றைய அமெரிக்க காமிக்ஸ் தொழிலில் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. காசை வாங்கியதும் பெயர், உடை, கதை அனைத்தும் பதிப்பகத்துக்குப் போய்விடும். 1938-இல் ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் சூப்பர்மேனை 130 டாலருக்குக் கொடுத்தது இந்த வழக்கத்தின் மிகக் கசப்பான உதாரணம். சிவகாசியிலிருந்து வரும் லயன் காமிக்ஸைப் படித்து வளர்ந்தவர்களுக்கு ‘ஸ்பைடர்’ என்றால் முதலில் வேறொருவர் ஞாபகம் வரும்: 1965-இல் பிரிட்டிஷ் இதழ் ஒன்றில் அறிமுகமான, கூர்மையான காதுகள் கொண்ட குற்றச் சக்கரவர்த்தி. அந்த ஸ்பைடருக்குப் பல கதைகள் எழுதியவர் இதே ஜெர்ரி சீகல்தான். சொந்தப் படைப்பு கைவிட்டுப் போனபின், அடுத்த நாட்டுப் பாத்திரத்துக்குக் கதை எழுதிக்கொண்டிருந்தார் அவர்.

பதிப்பகம் ஒரு பாத்திரத்தை சினிமாக்காரரிடம் கொடுக்கும்போது ஒரேயடியாக விற்பதில்லை. இத்தனை ஆண்டுக்குள் படம் எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் உரிமை எங்களிடமே திரும்பிவிடும் என்று கெடு வைத்துக் கொடுக்கிறது. இந்தக் கெடுதான் ஹாலிவுட்டில் பல விநோதங்களுக்குக் காரணம். ஜெர்மானியத் தயாரிப்பாளர் பெர்ண்ட் ஐக்கிங்கர் ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ உரிமையை வைத்திருந்தார். 1992 முடிவதற்குள் படப்பிடிப்பு தொடங்காவிட்டால் அது கைவிட்டுப் போய்விடும். சிக்கனத்துக்குப் பெயர்போன ரோஜர் கார்மனைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, சுமார் பத்து லட்சம் டாலர் செலவில், டிசம்பர் கடைசி வாரத்தில் படப்பிடிப்பைத் தொடங்கினார். படம் முழுசாக முடிந்தது. திரையரங்குக்கு மட்டும் வரவேயில்லை. வெளிவரும் என்று நம்பி உழைத்த நடிகர்களையும் கலைஞர்களையும் நினைத்தால் மனம் கனக்கிறது. உரிமை மட்டும் பத்திரமாக நீடித்தது. அதே ஐக்கிங்கர் 2005-இல் வந்த பெரிய ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ படத்திலும் தயாரிப்பாளர்.

ஸ்பைடர்மேனுக்கு வருவோம். 1970-களின் கடைசியில் நிகோலஸ் ஹேமண்ட் நடித்த தொலைக்காட்சித் தொடர் ஒன்று அமெரிக்காவில் ஓடியது. ஏறக்குறைய அதே காலத்தில் ஜப்பானின் டோயி நிறுவனம், பெரிய ரோபோவோடு ஒரு ஸ்பைடர்மேன் தொடரை எடுத்தது. பெரிய திரைக்கு வழி தேடி ஸ்டான் லீ லாஸ் ஏஞ்சல்ஸுக்கே குடிபெயர்ந்தார். ஸ்டுடியோக்கள் அவரை மரியாதையாக வரவேற்று, வெறுங்கையோடு அனுப்பின. காமிக்ஸ் படம் என்றால் சூப்பர்மேன் மட்டும்தான் ஓடும் என்பது அன்றைய கணக்கு. பின்னால் 1986-இல் மார்வெல் பாத்திரத்தை வைத்து வந்த ‘ஹோவர்ட் தி டக்’ படுத்துவிட, அந்தக் கணக்கு இன்னும் உறுதியானது.

அதற்கு ஓராண்டு முன்பே, 1985-இல், கேனன் பிலிம்ஸ் வந்தது. இஸ்ரேலிலிருந்து வந்த மெனாஹெம் கோலனும் யோரம் குளோபஸும் நடத்திய கம்பெனி. சக் நாரிஸ், சார்லஸ் பிரான்சன் நடித்த அடிதடிப் படங்களை மலிவாக, வேகமாக எடுத்துத் தள்ளியவர்கள். மார்வெலுக்கு 2 லட்சத்து 25 ஆயிரம் டாலரும் வருமானத்தில் ஒரு பங்கும் தருவதாகச் சொல்லி உரிமையை வாங்கினார்கள். ஐந்து ஆண்டு கெடு. 1990 ஏப்ரலுக்குள் படம் எடுக்காவிட்டால் உரிமை மார்வெலுக்கே திரும்பும்.

வாங்கியவர்களுக்குப் பாத்திரம் புரியவில்லை. சிலந்தி மனிதன் என்றதும் ஓநாய் மனிதனைப் போன்ற பேய்ப்படம் என்று எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் எழுதவைத்த முதல் திரைக்கதையில் பீட்டர் பார்க்கர் எட்டுக் கை முளைத்த, உடம்பெல்லாம் மயிர் அடர்ந்த, சாகத் துடிக்கும் ஒரு பிராணியாக மாறுகிறான். இயக்கவிருந்தவர் ‘டெக்சஸ் செயின்சா மாசக்கர்’ எடுத்த டோபி ஹூப்பர். ஸ்டான் லீக்கு இது பிடிக்கவில்லை. பிடிக்காமல் போனதும் நியாயம்தான். வீட்டு வாடகைக்கும் அத்தையின் மருந்துக்கும் கவலைப்படுகிற பையன் என்பதால்தான் வாசகர்கள் பீட்டரை நேசித்தார்கள். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் முகமூடி. பிறகு டெட் நியூசமும் ஜான் பிரான்கேட்டோவும் காமிக்ஸுக்கு நெருக்கமாக வேறு கதை எழுதினார்கள். டாக்டர் ஆக்டோபஸ் வில்லன், ஜோசப் ஜிட்டோ இயக்குநர். இந்த முறை தடுக்கியது பணம்.

கேனன் ஒரே நேரத்தில் ஏராளமான படங்களில் கை வைத்திருந்தது. 1987-இல் வந்த ‘சூப்பர்மேன் 4’ படத்துக்குத் திட்டமிட்ட செலவைப் பாதிக்கும் கீழே வெட்டினார்கள். பறக்கும் காட்சிகளிலேயே அந்த வறுமை தெரிந்தது. அதே ஆண்டில் ‘மாஸ்டர்ஸ் ஆஃப் தி யுனிவர்ஸ்’ படமும் கைவிட்டது. ஸ்பைடர்மேனின் பட்ஜெட் இரண்டு கோடி டாலரிலிருந்து சரிந்து ஒரு கோடிக்கும் கீழே வந்தது, ஜிட்டோ விலகினார். கடைசியில் ஆல்பர்ட் பியூன் இயக்குவதாக, வட கரோலினாவின் வில்மிங்டனில் வேலை தொடங்கியது. ‘மாஸ்டர்ஸ்’ இரண்டாம் பாகத்தையும் ஸ்பைடர்மேனையும் சேர்த்தே எடுப்பதாகத் திட்டம். அதுவும் நின்றுபோனது. போட்ட செட்டும் தைத்த உடையும் வீணாகக்கூடாதென்று அவற்றை வைத்தே பியூன் வேறொரு படத்தை எடுத்தார். 1989-இல் ஜான் கிளாட் வான் டாம் நடித்து வந்த ‘சைபார்க்’ அதுதான்.

கேனன் வேறு கைக்குப் போனது. கோலன் வெளியேறினார். வெளியேறும்போது தன் பங்குக்கு எடுத்துப்போன சொத்துகளில் ஒன்று ஸ்பைடர்மேன் உரிமை. 21st செஞ்சுரி பிலிம் கார்ப்பரேஷன் என்ற தன் புது கம்பெனியில் அதை வைத்துக்கொண்டு, கெடுவை 1992 ஜனவரி வரை நீட்டிக்கச் செய்தார். படம் எடுக்கப் பணம் வேண்டுமே. எடுக்காத படத்தின் உரிமைகளை முன்கூட்டியே விற்றுப் பணம் திரட்டுவது கோலனுக்குக் கைவந்த கலை. தொலைக்காட்சி உரிமையை வயாகாமுக்கு விற்றார். வீடியோ உரிமையைக் கொலம்பியாவுக்கு விற்றார். திரையரங்கு உரிமையைக் கரோல்கோவுக்கு 50 லட்சம் டாலருக்கு விற்றார்.

இதில் தப்பில்லை. ஏரியா வாரியாகவும், சாட்டிலைட், ஆடியோ, டப்பிங் என்று தனித்தனியாகவும் விற்றுத்தான் நம் ஊரிலும் படங்கள் எழுகின்றன. சிக்கல் எங்கே என்றால், கோலன் விற்றவை எல்லாமே மார்வெலின் கெடு வைத்த ஒரே ஒப்பந்தத்திலிருந்து கிளைத்தவை. நிலம் வாங்குகிறவர் தாய்ப்பத்திரத்திலிருந்து வில்லங்கம் பார்ப்பதுபோல, ஒரு படத்துக்குக் கடன் கொடுக்கும் வங்கியும் காப்பீடு தரும் கம்பெனியும் உரிமை படைத்தவரிடமிருந்து இன்றைய தயாரிப்பாளர் வரை ஒவ்வொரு கைமாற்றத்தையும் பார்ப்பார்கள். நடுவில் ஒரு கண்ணி சந்தேகம் என்றாலும் பணம் வராது. நட்சத்திரம் இருக்கிறார், கதை இருக்கிறது என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

கரோல்கோவிடம் நட்சத்திரத்துக்குக் குறைவில்லை. அந்தக் கம்பெனிக்கு ‘டெர்மினேட்டர் 2’ எடுத்துக் கொடுத்த ஜேம்ஸ் கேமரூன் ஸ்பைடர்மேனை எடுக்க ஆசைப்பட்டார். கதைச் சுருக்கமும் வசனமும் கலந்த நீண்ட கையெழுத்துப் பிரதி ஒன்றை எழுதினார். மணிக்கட்டில் கருவி கட்டிக்கொள்வதற்குப் பதிலாக, பையனின் உடம்பிலிருந்தே வலை சுரப்பதாக மாற்றியவர் அவர்தான். உடல் மாறும்போது விடலைப் பையனுக்கு வரும் கூச்சமும் பயமும் அந்தக் கதையில் நன்றாகப் பதிந்திருக்கின்றன. கெட்ட வார்த்தைகளும் பெரியவர்களுக்கான காட்சிகளும் நிறைய. அது அப்படியே படமாகியிருந்தால் பிள்ளைகள் பார்த்திருக்க முடியாது. ஆனாலும் கேமரூன் அதைச் சரியாகவே பிடித்தார் என்பது என் எண்ணம்: சக்தி கிடைத்ததில் இருக்கும் சங்கடம்தான் ஸ்பைடர்மேனின் கதை.

அந்தப் படம் நின்றது ஒரு சின்ன விஷயத்தில். கேமரூனுடன் போட்ட ஒப்பந்தம் ‘டெர்மினேட்டர் 2’ ஒப்பந்தத்தைப் பார்த்து எழுதப்பட்டது. டைட்டிலில் யார் பெயர் வரலாம் என்பதில் அதன்படி அவருக்கு அதிகாரம் உண்டு. கரோல்கோ கோலனிடம் உரிமை வாங்கியபோதோ, அவர் பெயர் தயாரிப்பாளராக வரும் என்று எழுதிக் கொடுத்திருந்தது. இரண்டும் ஒன்றாக நிறைவேற முடியாது. தன் பெயர் விடுபடுகிறது என்று தெரிந்ததும் 1993-இல் கோலன் வழக்குப் போட்டார். உடனே எல்லோரும் தங்கள் பத்திரங்களைத் தூசி தட்டினார்கள். தொலைக்காட்சி, வீடியோ உரிமைகளைத் திரும்பப் பெறக் கரோல்கோ வயாகாமையும் கொலம்பியாவையும் கோர்ட்டுக்கு இழுத்தது. அவர்கள் எதிர்வழக்குப் போட்டார்கள். கேனனின் மிச்சமும் 21st செஞ்சுரியின் மிச்சமும் கைமாறிக் கைமாறி எம்ஜிஎம் ஸ்டுடியோவிடம் போய்ச் சேர, அவர்களும் வழக்கில் இறங்கினார்கள்.

வழக்கு நடக்கும்போதே வழக்காடியவர்கள் ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள். கோலனின் கம்பெனி விழுந்தது. 1995-இல் கரோல்கோ திவால். 1996 டிசம்பரில் மார்வெலே திவால் மனு கொடுத்தது. காமிக்ஸைச் சேமித்து வைத்தால் பின்னால் விலை ஏறும் என்று நம்பிக் கட்டுக்கட்டாக வாங்கிய கூட்டம் 1990-களின் நடுவில் கலைந்தபோது, அந்த வியாபாரத்தை நம்பிக் கடன் வாங்கிய கம்பெனியும் சரிந்தது. ரொனால்டு பெரல்மன், கார்ல் ஐகான் என்ற இரு பெரும் முதலீட்டாளர்களின் இழுபறிக்கு நடுவே, கடைசியில் மார்வெலைக் கைப்பற்றியது டாய் பிஸ் என்ற பொம்மைக் கம்பெனி. அதை நடத்திய ஐக் பெர்ல்மட்டரும் அவி அராடும் படம் வந்தால் பொம்மை விற்கும் என்பதை அறிந்தவர்கள். முக்கியமாக அராட், பாத்திரங்களைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டுடியோ ஸ்டுடியோவாக ஏறி இறங்கினார்.

கோலனின் உரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது, அது மார்வெலுக்கே சொந்தம் என்று நீதிமன்றத்தில் ஒருவழியாக முடிவானது. மார்வெல் அதை சோனியின் கொலம்பியாவுக்குக் கொடுத்தது. எம்ஜிஎம் மட்டும் விடவில்லை. அதற்கு விடை வந்தது யாரும் எதிர்பார்க்காத திசையிலிருந்து. அதே சமயத்தில் சோனி, ‘தண்டர்பால்’ கதையில் பங்கு கோரிய கெவின் மெக்ளோரியோடு சேர்ந்து போட்டி ஜேம்ஸ் பாண்ட் படம் எடுக்கப் போவதாகச் சொல்லி எம்ஜிஎம்முக்குத் தலைவலி கொடுத்துக்கொண்டிருந்தது. 1999 மார்ச்சில் இரு தரப்பும் சமாதானமாயின. பாண்டை சோனி விட்டது, ஸ்பைடர்மேனை எம்ஜிஎம் விட்டது. பழைய ‘கேசினோ ராயல்’ கதையின் உரிமையும் அந்தச் சமாதானத்தில் எம்ஜிஎம்முக்குப் போனது. 2006-இல் டேனியல் கிரெய்க் பாண்டாக நடித்த முதல் படத்துக்கு அப்படித்தான் வழி பிறந்தது.

பத்திரம் சுத்தமானதும் வேலை பறந்தது. திரைக்கதை டேவிட் கெப். கேமரூனின் உடம்பில் சுரக்கும் வலை அப்படியே தங்கியது. நாயகனாக, அதிரடி நடிகர் என்ற பெயரே இல்லாத டோபி மகுவயரை ரைமி பிடிவாதமாகக் கேட்டு வாங்கினார். அந்த முடிவுதான் படத்தைக் காப்பாற்றியது என்பேன். கூச்சத்தோடு சிரிக்கும் அந்த முகம் இல்லாவிட்டால் மற்ற எந்தத் தந்திரமும் நின்றிருக்காது. ‘ஸ்டார் வார்ஸ்’ முதல் படத்தில் மாயக்காட்சிகளை உருவாக்கிய ஜான் டைக்ஸ்ட்ரா கிராஃபிக்ஸுக்குப் பொறுப்பேற்றார். கட்டடத்துக்குக் கட்டடம் தாவும் காட்சிகளில் பல இடங்களில் இருப்பது கணினியில் செய்த உருவம். 1985-இல் யார் நினைத்திருந்தாலும் அதைச் செய்திருக்க முடியாது. அந்த வகையில் தாமதம் படத்துக்கு நல்லதையே செய்தது.

வில்லன் கிரீன் காப்ளின் பச்சை உடையில் வருவதால் அவனைப் பச்சைத் திரைக்கு முன் நிறுத்த முடியாது, உடையும் சேர்ந்து மறைந்துவிடும். ஸ்பைடர்மேன் உடையில் நீலம் இருப்பதால் அவனுக்கு நீலத் திரை ஆகாது. எனவே ஒருவனுக்கு நீலம், இன்னொருவனுக்குப் பச்சை என்று மாற்றி மாற்றிப் படமெடுத்தார்கள். இத்தனை கணினி வேலைக்கு நடுவிலும், சாப்பாட்டுக் கூடத்தில் கதாநாயகி வழுக்கி விழும்போது பறக்கும் உணவுப் பொருட்களைப் பீட்டர் ஒரு தட்டில் வரிசையாகப் பிடிக்கும் காட்சி நிஜம். தட்டைப் பசையால் கையில் ஒட்டிக்கொண்டு, 150-க்கும் மேற்பட்ட டேக் வாங்கி மகுவயர் அதைச் செய்தார். சில விநாடிக் காட்சி அது. அதற்காக ஒரு படக்குழு அவ்வளவு பாடுபட்டது என்பதில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

2001 செப்டம்பர் 11 இந்தப் படத்தையும் தொட்டது. கொள்ளையர்களின் ஹெலிகாப்டர் உலக வர்த்தக மையத்தின் இரு கோபுரங்களுக்கு நடுவே கட்டிய வலையில் சிக்குவதாக ஒரு முன்னோட்டம் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. அதைத் திரும்பப் பெற்றார்கள். கோபுரங்களின் பிரதிபலிப்பு தெரிந்த போஸ்டர்களையும் அகற்றினார்கள்.

சுமார் 13 கோடியே 90 லட்சம் டாலரில் எடுத்த படம் உலகெங்கும் 82 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. படங்களின் லாபத்தில் தனக்கு வரவேண்டிய பங்கைத் தரவில்லை என்று ஸ்டான் லீ 2002 நவம்பரில் மார்வெல் மீது வழக்குப் போட்டார். 2005-இல் ஒரு கோடி டாலருக்கு அது முடிந்தது. 1966-லேயே ஸ்பைடர்மேனை விட்டு விலகிய டிட்கோ பேட்டி கொடுப்பதையே நிறுத்திவிட்டவர். படத்தின் டைட்டிலில் லீயின் பெயரோடு அவர் பெயரும் வருகிறது. நியூயார்க்கில் தன் வேலையைத் தொடர்ந்தபடி வாழ்ந்து 2018-இல் இறந்தார்.

மார்வெலுக்கும் கசப்பு இருந்தது. தன் பாத்திரம் ஈட்டிய பணத்தில் பெரும்பகுதி சோனிக்கே போனது. அந்த அனுபவம்தான் 2005-இல் மெரில் லிஞ்ச் வழியாக 52 கோடியே 50 லட்சம் டாலர் கடன் திரட்டி, மிச்சமிருந்த பாத்திரங்களை வைத்துத் தானே படம் எடுக்கும் துணிவைக் கொடுத்தது. 2008-இல் ‘அயர்ன்மேன்’ வந்தான். மறு ஆண்டு டிஸ்னி மார்வெலை வாங்கியது. ஸ்பைடர்மேன் மட்டும் சோனியிடமே இருந்தான். அங்கேயும் கெடு உண்டு. பின்னாளில் வெளியே வந்த ஒப்பந்த விவரப்படி, ஒரு படம் வெளியானதிலிருந்து 3 ஆண்டு 9 மாதத்துக்குள் அடுத்த படத்தின் தயாரிப்பு தொடங்க வேண்டும், 5 ஆண்டு 9 மாதத்துக்குள் அது திரைக்கு வர வேண்டும். ரைமியின் மூன்றாம் பாகம் வந்தது 2007 மே மாதம். நான்காவது 2010-இல் கைவிடப்பட்டதும், வேறு நடிகரை வைத்துக் கதையை முதலிலிருந்து தொடங்கி 2012 ஜூலையில் இன்னொரு ஸ்பைடர்மேன் வந்ததற்கு இந்தக் கெடு ஒரு முக்கியக் காரணம். 2015-இல் சோனியும் மார்வெலும் கைகோத்தன. மறு ஆண்டே அயர்ன்மேனும் கேப்டன் அமெரிக்காவும் இருக்கும் படத்தில் ஸ்பைடர்மேனும் நுழைந்தான்.

1978-க்கு முந்தைய படைப்புகளை உருவாக்கியவர்களோ அவர்களின் வாரிசுகளோ, 56 ஆண்டுகளுக்குப் பிறகு உரிமையைத் திரும்பக் கேட்க அமெரிக்கச் சட்டம் இடம் தருகிறது. கம்பெனிக்காகக் கூலிக்குச் செய்த வேலை என்றால் அந்த வாய்ப்பு இல்லை. 2021-இல் டிட்கோவின் குடும்பத்தார் அந்தச் சட்டத்தின் கீழ் நோட்டீஸ் கொடுத்தார்கள். அது கூலிக்குச் செய்த வேலைதான் என்று மார்வெல் நீதிமன்றம் போனது. தீர்ப்பு வருவதற்கு முன்பே, 2023 டிசம்பரில், இரு தரப்பும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டார்கள்.